பாதிக் குதிரைக்கு முழுக் கட்டணம்

அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருக்கும் தோழி போன வாரம் கேட்டார்: "அக்கா, பந்தயத்தில் ஓடி ஓய்ந்த குதிரைகள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றனவாமே. என் மகளும் குதிரை குதிரை என்று உயிரை எடுக்கிறாள். உங்களைப் போலப் பங்குக்கு எடுக்கலாமா, ஒரேயடியாக வாங்கிவிடலாமா?"

கேட்ட நேரம் சரியில்லை. வாரக்கணக்கில் யாரும் ஏறாத ஒரு குதிரைக்கு அந்த மாதக் கட்டணத்தைக் கைப்பேசி வழியாக அனுப்பிவிட்டு அப்போதுதான் நிமிர்ந்திருந்தேன். "இரண்டும் வேண்டாம், பிள்ளைக்கு ஒரு பூனை வாங்கிக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. அதற்குப் பரிகாரமாகத்தான் இதை எழுதுகிறேன். 18 மாத அனுபவம். நியாயமாக எழுதத்தான் முயல்கிறேன். கோபம் எட்டிப் பார்க்கும் இடங்களில் நீங்களே கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

என் பாட்டி தோட்டத்தில் மாடு வாரத்துக்கு வளர்த்தவர். மாடு இன்னொருவருடையது. புல் அறுப்பதும் தண்ணீர் காட்டுவதும் சாணி அள்ளுவதும் பாட்டி. பால் பாட்டிக்கு, முதல் கன்று மாட்டுக்காரருக்கு, அடுத்த கன்று பாட்டிக்கு. ஒரு தாளில் எழுதியதில்லை, ஒரு நாள் சண்டை வந்ததில்லை. நான் கோலாலம்பூரில் ஒரு குதிரையை அப்படி வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, எடுத்திருக்கிறேன்: குதிரை இன்னொருவருடையது, மாதம் ஒரு தொகை கட்டினால் குறிப்பிட்ட நாள்களில் என் மகள் ஏறலாம். ஏழு பக்க ஒப்பந்தம். பாலும் இல்லை, கன்றும் இல்லை. அது காயடித்த ஆண் குதிரை.

வாங்குவதைப் பற்றி முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். சிங்கப்பூரில் 2024 அக்டோபர் 5-ஆம் நாள் கடைசிப் பந்தயம் ஓடியது. பினாங்கிலும் 2025-இல் பந்தயம் நின்றுபோனது. ஆகவே ஓய்வுபெற்ற குதிரைகள் கைமாறுகின்றன என்பது உண்மைதான். ஆனால் குதிரையின் விலை என்பது கல்யாண மண்டபத்துக்குக் கொடுக்கும் முன்பணம் மாதிரி, செலவு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அரை டன் எடைக்குக் கொஞ்சம் குறைந்த பிராணி ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது கிலோ காய்ந்த புல் தின்னும், அந்தப் புல்லும் கப்பலில் வருவது. நம் வெக்கைக்கு முப்பது லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் குடிக்கும். ஐந்து ஆறு வாரத்துக்கு ஒரு முறை லாடம் அடிப்பவர் வர வேண்டும். அதோடு, பந்தயத்தில் வளர்ந்த குதிரைக்கு நிற்கத் தெரியும், பறக்கத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் உள்ளதைக் கற்றுக்கொடுக்க ஒரு நல்ல பயிற்சியாளருக்கு மாதக்கணக்கில் ஆகும். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அந்த வேலை வேண்டாம்.

சரி, பங்கு. தேடுவதற்கு எங்களுக்கு நான்கு மாதம் ஆயிற்று. கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கில் இது குதிரைக்கொம்புதான்; விளம்பரமே வருவதில்லை, லாயத்துக்குள் வாய்வழியாகவே பேசி முடித்துவிடுகிறார்கள். மகள் இரண்டு ஆண்டுகளாகப் போய்க்கொண்டிருந்த சவாரி வகுப்பின் ஆசிரியை சொல்லித்தான் எல்லாமே தெரிய வந்தது. முதலில் பார்த்தது சாம்பல் நிறப் பெண் குதிரை. பேரழகு. ஆனால் பிற்பகல் மூன்று மணிக்கு நிழலில் நின்றபடியே மூச்சிரைத்தது, கழுத்தில் கை வைத்தால் வறட்டுச் சூடு, ஒரு சொட்டு வியர்வை இல்லை. குளிர் நாடுகளிலிருந்து வரும் குதிரைகளில் சிலவற்றுக்கு நம் ஊர் வெக்கையில் வியர்ப்பதே நின்றுபோகும். சூட்டை வெளியேற்ற வழியில்லாத குதிரை கொஞ்சம் ஓடினாலே ஆபத்து. ஆகவே பார்க்கப் போகிறவர்கள் காலை ஏழு மணிக்குக் குளுகுளுவென்று போகாதீர்கள், வெயிலில் போங்கள். உரிமையாளரை முதலில் ஏறிக் காட்டச் சொல்லுங்கள், பிறகு பிள்ளை ஏறட்டும். நரி பரியாகி, இரவில் மீண்டும் நரியான கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஒரு மாதச் சோதனைக் காலம் இல்லாமல் கையெழுத்துப் போடக் கூடாது.

எங்களுக்கு அமைந்தது மூன்றாவது. வயது 13, உயரம் 15 கை 3 அங்குலம் (குதிரைக் கணக்கில் ஒரு கை என்பது நான்கு அங்குலம்), அதாவது ஏறக்குறைய 160 சென்டிமீட்டர், பழுப்பு நிறம், நெற்றியில் விபூதி இட்டது போல ஒரு வெள்ளைக் கீற்று. ஆஸ்திரேலியாவில் பிறந்து, பந்தயம் ஓடி, அதையெல்லாம் மறந்து ஆறு ஆண்டுகள் ஆனது. லாயத்தில் டோஃபி என்று கூப்பிடுகிறார்கள். மகள் ஒன்பது வயது முதல் கேட்டது போனி என்னும் குட்டைக் குதிரை, 14 கை 2 அங்குலத்துக்கு உட்பட்டது. நாங்கள் யோசித்து முடிப்பதற்குள் அவள் வளர்ந்துவிட்டாள்.

இந்தக் குதிரையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. கடிவாளத்தை எடுத்துக்கொண்டு போனால் தானாகவே தலையைத் தாழ்த்தும். நெற்றி மயிரை வாருக்கு அடியிலிருந்து விரலால் எடுத்துவிடும் வரை கண்ணை மூடிக்கொண்டு நிற்கும், ஆலாத்திக்கு நிற்கும் மாப்பிள்ளை மாதிரி. மகள் முதல் மாதத்திலேயே ஒரு முறை கழுத்து வழியாகச் சரிந்து விழுந்தாள். அது அடுத்த எட்டு வைக்காமல் அப்படியே நின்றது. தரையில் மோதிய தலைக்கவசத்தை மறுபடி போடக் கூடாது என்பதால் அன்றைக்கு ஒரு புதிய தலைக்கவசச் செலவு. அது குதிரையின் குற்றமில்லை.

என் எரிச்சல் வேறு இடத்தில். மாதம் 850 ரிங்கிட், லாடச் செலவில் பாதி, செவ்வாயும் சனியும் எங்கள் நாள். அந்த இரண்டு நாளும் லாயத்தைச் சுத்தம் செய்வது, குளிப்பாட்டுவது, குளம்பு நோண்டுவது எல்லாம் மகள். ஆனால் சேணத்துக்கு அடியில் போடும் மெத்தைத் துணியின் நிறத்தைக்கூட உரிமையாளரைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும். பிடரி மயிரைக் கத்தரிக்கக் கேட்க வேண்டும். வழக்கமான பாதையை விட்டுப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்து மண்சாலையில் நடத்திப் போகக் கேட்க வேண்டும். கேட்டால் மறுப்பவர் இல்லை அந்த அம்மாள், மரியாதையானவர். "யோசித்துச் சொல்கிறேன்" என்று ஒரு செய்தி வரும். யோசனை முடிவதற்குள் சனிக்கிழமை முடிந்துவிடும்.

கொள்ளுக் கதையைச் சொன்னால்தான் புரியும். என் மாமியார் ஈப்போவிலிருந்து வந்திருந்தபோது பேத்தியின் குதிரையைப் பார்க்கக் கிளம்பினார். மதுரை வீரன் கோயில் வெள்ளைக் குதிரையைத் தவிர வேறு குதிரையை அவர் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. வெறுங்கையோடு போகலாமா என்று காலையிலேயே ஒரு கிலோ கொள்ளை வேகவைத்து, ஆறவைத்து, டிபன் பாத்திரத்தில் அடைத்து எடுத்து வந்தார். லாயத்துப் பெரியவர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். அவர் முகத்தில் ஆசை தெரிந்தது; ஆனாலும் "அந்த அம்மாவை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்" என்றார். செய்தி அனுப்பினோம். ஒன்றரை மணி நேரம் மூவரும் ஒரு பலகையில் உட்கார்ந்திருந்தோம், குதிரை பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தது. பதில் வந்தது: தீனியை மாற்ற வேண்டாம்.

அவர் சொன்னது சரி. பழக்கமில்லாத தீனி திடீரென்று உள்ளே போனால் குதிரைக்கு வயிற்றுவலி வரும். மனிதர்களைப் போல வாந்தியெடுத்துத் தப்பிக்க அதற்கு முடியாது, உயிருக்கே ஆபத்தாகலாம். ஒவ்வொரு முறையும் அவர் சரியாக இருப்பதுதான் என் எரிச்சலே. மாமியார் வீடு திரும்பும் வரை பேசவில்லை. "கொள்ளு தின்னாத குதிரைக்கு மாதம் இவ்வளவு பணமா?" என்று மட்டும் கேட்டார். இரவு கொள்ளு ரசம்.

செவ்வாய்க்கிழமை மழையைப் பற்றி ஒரு வரி: கோலாலம்பூரில் மாலை ஐந்து மணியை நம்பி எதற்கும் முன்பணம் கட்டாதீர்கள். இடி கேட்டால் யாரும் குதிரைமேல் இருக்கக் கூடாது. பாதிச் செவ்வாய்கள் அப்படித்தான் போயின. மாற்று நாள் கிடையாது.

அப்புறம் குளம்பு. ஆகஸ்டு கடைசியில் விடாமல் பெய்த ஒரு வாரத்துக்குப் பிறகு ஒரு காலை தொலைபேசி: டோஃபி முன்னங்கால் ஒன்றைத் தரையில் ஊன்றவே மாட்டேன் என்கிறது. எலும்பு முறிந்துவிட்டது என்றே நினைத்தோம். குளம்புக்குள் சீழ். ஈரத்தில் ஊறிக் குளம்பு மிருதுவாகும்போது மணலும் கிருமியும் அடிப்பக்கத்து இணைப்பு வழியாக உள்ளே ஏறிவிடுகின்றன. நம் விரலில் சீழ் பிடித்தால் வீங்குவதற்கு இடம் உண்டு. குளம்பு கல் மாதிரி, உள்ளே வீங்க இடமே இல்லை, அழுத்தம் முழுக்க வலியாகிறது. மருத்துவர் அடிக்குளம்பைக் கொஞ்சம் செதுக்கி வழி திறந்ததும் கறுப்பாக வடிந்தது. இனி தினமும் எப்சம் உப்புக் கரைத்த வெதுவெதுப்பான நீரில் காலை ஊறவைத்து, மருந்து வைத்து, ஈரம் படாமல் கட்ட வேண்டும் என்றார்.

எதில் கட்டுவது? குழந்தைகளுக்குக் கட்டும் டயப்பரில். விளையாட்டாகச் சொல்லவில்லை. உலகம் முழுக்கக் குதிரைக்காரர்கள் இதைத்தான் செய்கிறார்கள். குளம்பின் அடியில் டயப்பரை விரித்து, இரண்டு காதையும் முன்பக்கம் இழுத்து ஒட்டி, அதன் மேல் வெள்ளி நிற ஒட்டுநாடாவைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றினால் குதிரைக்கு ஒரு காலணி தயார். பேரங்காடியில் நான் டயப்பர்க் கட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றபோது எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டார். என் மகளுக்குப் பதினாறு ஆகப் போகிறது. அவர் ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. அன்று மாலையே வலியப் போய்க் குதிரைக் கதையை விளக்கினேன். நம்பியது போலத் தெரியவில்லை.

உள்ளே இரண்டாவது இடத்திலும் சீழ் இருந்ததால் ஐந்து வாரம் சவாரி இல்லை. கட்டணம் உண்டு. ஒப்பந்தத்தின் ஐந்தாம் பக்கத்தில், குதிரை நோயுற்றாலும் மாதத் தொகையில் குறைப்பு இல்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறது, அதன் கீழே என் கையெழுத்தும் இருக்கிறது. பாதியாவது குறைக்க முடியுமா என்று கேட்டேன். "யோசித்துச் சொல்கிறேன்." மூன்றாம் நாள், முடியாது என்று பதில். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்று என் பாட்டி அடிக்கடி சொல்வார். குதிரை தள்ளாமலேயே எனக்குக் குழி கிடைத்தது.

ஆனால் நியாயமும் பேச வேண்டும். நொண்டுகிற குதிரை தின்னாமல் இருப்பதில்லை, லாய வாடகையும் நின்றுவிடுவதில்லை. மருத்துவர் மூன்று முறை வந்தார், மூன்று பில்லையும் அந்த அம்மாள்தான் கட்டினார். மொத்தத்தில் அது எங்கள் மாதத் தொகையைவிட அதிகம். எங்களிடம் ஒரு காசு கேட்கவில்லை. ஒருவருக்குச் செலவு, மற்றவருக்குப் பேச்சுரிமை என்றிருந்தால் எளிதாகத் திட்டிவிடலாம். இங்கே இரண்டு பேருக்கும் செலவு, ஒருவருக்கு மட்டும் பேச்சுரிமை. நீங்கள் எடுப்பதாக இருந்தால் இந்த ஒரு பத்தியை மட்டும் முதலிலேயே பேசி மாற்றிக்கொள்ளுங்கள்: இரண்டு வாரத்துக்கு மேல் ஏற முடியாவிட்டால் கட்டணம் பாதி. கையெழுத்துக்கு முன்னால் கேட்டால் யாரும் கொடுப்பார்கள்.

அந்த ஐந்து வாரமும் மகள் என்ன செய்தாள் என்று சொல்ல வேண்டும். தன் தட்டைக் கழுவ மூன்று முறை சொல்ல வேண்டிய பிள்ளை, செவ்வாய் சனி என்று பார்க்காமல் எங்களை நச்சரித்துத் தினமும் போனாள். ஒரு வாளி வெந்நீர், அதில் 480 கிலோ பிராணியின் ஒரு கால், பக்கத்தில் ஒரு முக்காலி, மடியில் வரலாற்றுப் பாடப்புத்தகம். குதிரை வாளியிலிருந்து காலை எடுக்கப் பார்க்கும்போதெல்லாம் பக்கத்தைப் புரட்டாமலே முழங்காலுக்குப் பின்னால் தட்டுவாள், கால் திரும்ப உள்ளே போய்விடும். இருபது நிமிடம். பள்ளியில் தமிழை விட்டு வெகுநாளான அவளுக்கு லாயத்துப் பெரியவர் சேணம், அங்கவடி, குளம்பு, பிடரி என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொடுத்தார். இன்றைக்கு இரட்டைக் கோபுரம் நிற்கும் ஜாலான் அம்பாங் நிலம் பந்தயத் திடலாக இருந்த காலத்தில் அவருடைய அப்பா அங்கே குதிரைக்காரராக இருந்தாராம். அதைச் சொல்லும்போது பெருமை இல்லை, புகார்தான்: அங்கே வடிகால் நன்றாக இருந்ததாம், குளம்பில் இப்படிச் சீழ் பிடிக்காதாம்.

ஆகவே தோழிக்கு என் பதில். குதிரைக்கு ஐந்துக்கு ஐந்து. பங்கு ஏற்பாட்டுக்கு ஐந்துக்கு இரண்டு, அதுவும் அந்த மூன்று மருத்துவ பில்களுக்காக. எடுக்காதீர்கள். அதே பணத்துக்கு மாதம் எட்டு ஒன்பது வகுப்பு கிடைக்கும், மழை வந்தால் வேறு நாள் கொடுப்பார்கள், யாரையும் எதற்கும் கேட்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு எங்களுக்கு எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதித் தேர்வு வேறு.

முந்தாநாள் புதுப்பித்த ஒப்பந்தம் வந்தது. ஐந்தாம் பக்கத்தில் ஒரு வார்த்தை மாறவில்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

டயப்பர்க் கட்டில் பதினாலு மீதி இருக்கிறது, பெரிய அளவு. வீட்டில் சின்னக் குழந்தை இருப்பவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று எழுத நினைத்தேன். இல்லை, இருக்கட்டும், நவம்பர் மழை வருகிறது.