128 ஜிபி ஒன்றா, 64 ஜிபி இரண்டா?

கல்யாணப் படம் எடுப்பவர் மெமரி கார்டு கேட்டால் கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டுவது 128 ஜிபியைத்தான். இரண்டு 64 வாங்குவதைவிட அது பெரும்பாலும் மலிவு. நானும் இரண்டு வருடம் அந்த ஒற்றைக் கார்டோடுதான் ஓடினேன். சென்ற தை மாதம் இரண்டு 64 ஜிபிக்கு மாறிவிட்டேன்.

எத்தனை படம் கொள்ளும் என்பது சின்னக் கணக்கு. என் கேமரா 24 மெகாபிக்சல். ரா என்னும் சுருக்காத மூலக் கோப்பும் ஜேபெக் என்னும் சுருக்கிய கோப்புமாகப் படத்துக்கு ஏறத்தாழ 40 எம்பி. ஆகவே 64-இல் 1,600, 128-இல் 3,200. கேமராத் திரையில் தெரியும் மீதி எண்ணிக்கை தோராயமானது. ஜரிகை நெருக்கமாக ஓடும் பட்டுப்புடவையை அருகில் எடுத்தால் ஜேபெக் பெருக்கும். வெற்றுச் சுவரை எடுத்தால் சிறுக்கும். 64 ஜிபி கணினியில் 59.6 என்று காட்டுகிறதே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். கார்டு செய்பவர்கள் ஆயிரமாயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1,024-ஆக எண்ணுகிறது.

என்னை மாற்றியது இந்தக் கணக்கு அல்ல. ஒரு வரவேற்பு மேடையில், வரிசை நகர்ந்துகொண்டிருந்தபோது, கேமரா கார்டைப் படிக்க முடியவில்லை என்றது. கழற்றி மாட்டினேன், ஃபார்மட் செய்யவா, அதாவது எல்லாவற்றையும் அழித்துக் கார்டைக் காலியாக்கவா என்று கேட்டது. காலையில் எடுத்த முகூர்த்தம் முழுவதும் அதற்குள்தான் இருந்தது. மேற்கொண்டு எதையும் எழுதவிடாமல் கார்டை எடுத்து வைத்து, மறுநாள் மீட்பு மென்பொருளில் ஓட்டினேன். மாலை மாற்றியதும் ஊஞ்சலும் வந்தன. தாலி கட்டிய நேரத்துப் படங்கள் பலவற்றில் மேல்பாதி மட்டும் இருந்தது; கீழே சாம்பல் பட்டை. "தம்பி, முடிச்சுப் போடும்போது எடுத்தது ஒன்றுகூட இல்லையா?" என்று பெண்ணின் அப்பா கேட்டார். ஒன்றே ஒன்று முழுதாகக் கிடைத்திருந்தது.

64-உம் கெட்டுப்போகும். ஆனால் முகூர்த்தம் முடிந்ததும் கார்டை மாற்றிவிடுகிறேன். மாலையில் எது நடந்தாலும் காலைப் படங்கள் கேமராவுக்கு வெளியே இருக்கின்றன. பந்தியில் இலை போடும் நேரத்தில் மணமகள் அறையின் ஓரத்தில் மடிக்கணினியைத் திறந்து முதல் கார்டை நகலெடுக்கத் தொடங்குகிறேன். என் பழைய கார்டு ரீடர் நொடிக்கு 35 எம்பிதான் இழுக்கும், நிறைந்த 64-க்கு அரை மணி. அதே ரீடரில் நிறைந்த 128-க்கு ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை கேமராவில் போட வேறு கார்டும் இருக்காது. நடுவில் நகலெடுக்க முடியாததால்தான் அன்று மொத்தமும் ஒரே இடத்தில் கிடந்தது.

128-க்கும் இடம் உண்டு. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே வீடியோ எடுத்தால் மணிக்கு 45 ஜிபி போய்விடும். மந்திரம் நடுவே கார்டு மாற்ற நிற்க முடியாது. நான் வீடியோ எப்போதாவதுதான் எடுக்கிறேன், அதையே தொழிலாகச் செய்பவர் சொல்வதை என் பேச்சைவிட நம்பலாம். இரண்டு கார்டுத் துளை உள்ள கேமராவை நண்பரிடம் வாங்கிச் சில வாரம்தான் பயன்படுத்தினேன். ஒரே படத்தை இரண்டிலும் எழுதும் வசதி இருந்தால் இரண்டு 128 போட நானும் தயங்கமாட்டேன். என்னுடையதில் துளை ஒன்றுதான்.

கார்டு மாற்றுவதில் ஒரு பயம் உண்டு: அவசரத்தில் நிறைந்ததையே திரும்பப் போட்டு ஃபார்மட் செய்துவிடுவது. அதனால் முடிந்த கார்டைப் பெட்டியில் குப்புற வைக்கிறேன். பெயர் தெரிந்தால் காலி; தங்க நிறக் கம்பிகள் தெரிந்தால் வீட்டில் இரண்டு நகல் எடுத்துத் திறந்து பார்க்கும்வரை அதைத் தொடுவதில்லை.