தருமபுரியில் ரூட் கெனால்: வலித்ததும் வலிக்காததும்

மூன்று தடவை நாற்காலியில் படுத்து, மொத்தம் 9,300 ரூபாய் செலவழித்து, கீழ் வரிசையில் இடது கடைவாய்ப் பல் ஒன்றைக் காப்பாற்றி வைத்திருக்கிறேன். தருமபுரி டவுனில் நாலு ரோட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், மாடியில் இருக்கும் ஒரு தனியார் பல் கிளினிக். பெயர் போடவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், அடுத்த பல்லுக்கும் அங்கேதான் போய் வாயைத் திறக்கணும்.

வினை புளியங்கொட்டையில் ஆரம்பித்தது. எங்கள் பாப்பாரப்பட்டி பக்கம் வறுத்த புளியங்கொட்டையைத் தோல் தட்டி, உள்ளே இருக்கிற பருப்பை வாயில் ஒதுக்கி ஊறவைத்து மெதுவாகக் கடிப்போம். ஆயுத பூஜை லீவில் ஊறும்வரை பொறுமை இல்லாமல் ஒன்றைக் கடித்தேன், பத்து வருஷத்துக்கு முன் அடைத்த சிமென்ட் பாதி பெயர்ந்து கையில் வந்துவிட்டது. அன்றே போயிருந்தால் திரும்ப அடைப்பதோடு முடிந்திருக்கலாம். நான் போகவில்லை.

முதலில் ஜில் தண்ணீர் பட்டால் சுள்ளென்று இழுத்து உடனே நின்றுவிடும். இரண்டு வாரம் கழித்து அதே வலி வந்தால் நாலைந்து நிமிஷம் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் டீக்கும் வலித்தது. அப்புறம் எதுவும் படாமலே, ராத்திரி தலையைத் தலையணையில் வைத்தவுடன் காதுவரை அடிக்க ஆரம்பித்தது, எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் குறையும். ஒரு வாரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினேன். இந்த வரிசையை டாக்டரிடம் சொன்னபோது அவர் பல்லைப் பார்ப்பதற்கு முன்னாலேயே தலையாட்டிவிட்டார். ஜில்லென்று பட்டு எடுத்ததும் நின்றுவிடுகிற வலி என்றால் பெரும்பாலும் நரம்பைக் காப்பாற்றலாமாம், எடுத்த பிறகும் விடாமல் வலித்தால், அதிலும் தானாக ராத்திரியில் வந்தால், நரம்பு திரும்பி வராது என்று அர்த்தமாம். இதை ஆயுத பூஜை அன்றே யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நடுவில் செய்த வைத்தியங்களையும் சொல்லிவிடுகிறேன். கிராம்பு வைத்தேன், கொஞ்ச நேரம் மரத்துப்போகும், அவ்வளவுதான். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டேன், ஐந்து நாளில் வலி சுத்தமாக நின்றுவிட்டது. ஆறிவிட்டது என்று நிம்மதியாகக் கார்த்திகை தீபம் வரை ஓட்டினேன். உண்மையில் உள்ளே நரம்பு செத்துக்கொண்டிருந்திருக்கிறது, செத்த நரம்பு வலிக்காது, அதனால்தான் அந்த நிம்மதி. கிருமி வேர் வழியாக எலும்புக்குப் போன பிறகு கடிக்கும்போதெல்லாம் வலித்தது, தாடையும் லேசாக வீங்கியது.

வீட்டில் இரண்டு கட்சி. மாமா, "ஐந்நூறு ரூபாய்ல புடுங்கிப் போட்டுட்டு வருவியா, அதை விட்டுட்டு" என்றார். அம்மா, "புடுங்கினா கண்ணு போயிடும்டா" என்றார். கண்ணுக்கும் பல்லுக்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் சிரித்தார், ஆனால் கடைவாயில் ஒன்றைப் பிடுங்கிவிட்டு அப்படியே விட்டால் பக்கத்துப் பல் அந்த இடத்துக்குச் சாயும், மேல் பல் கீழே இறங்கும், அப்புறம் அதற்குத் தனிச் செலவு என்றும் சொன்னார். அதனால் ரூட் கெனால், அதாவது பல்லைப் பிடுங்காமல் உள்ளே இருக்கிற நரம்பை மட்டும் எடுத்து, கழுவி, அடைப்பது.

சரி, கிளினிக். 10.30 மணிக்கு வரச்சொன்னார்கள், உள்ளே கூப்பிட்டது 12 மணிக்கு. மூன்று தடவையும் இதே கதைதான். பஸ் பிடித்து வருகிறவனுக்கு இது அரை நாள் சம்பளம். ஒரு போன் செய்து "லேட்டா வாங்கண்ணா" என்று சொல்லியிருக்கலாம். உட்கார ஆறு நாற்காலி, ஃபேன் ஒன்று, கீழே வண்டி நிறுத்த இடம் கிடையாது.

உள்ளே நடந்ததில் குறை சொல்ல முடியாது. டாக்டருக்கு முப்பது வயசுக்குள்தான் இருக்கும், பெண், பேச்சு குறைவு. சாப்பிட்டு வந்தீங்களா என்று கேட்டார், சுகர், பிரஷர், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை, முன்னால் ஊசிக்கு ஏதாவது அலர்ஜி ஆனதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். அப்புறம் எக்ஸ்ரே. வேர் நுனியைச் சுற்றி ஒரு கறுப்பு வட்டம், மிளகு அளவு. எலும்பு அங்கே கரைந்திருக்கிறது என்றார்.

ஊசி நான் பயந்த அளவுக்கு இல்லை. கீழ்க் கடைவாய்ப் பல்லென்றால் வழக்கமாகப் பல்லுக்குப் பக்கத்தில் போடமாட்டார்கள், வாயின் கடைசியில், தாடை வளைகிற இடத்தில் போட்டு மொத்தப் பக்கத்தையும் மரக்கச் செய்வார்கள். எறும்புக்கடி மாதிரி என்று எழுதுகிறவர்களை நம்பாதீர்கள், அதைவிடக் கொஞ்சம் கூடத்தான், ஆனால் பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும். போட்டதும் நெஞ்சு படபடத்தது. மருந்தோடு சேர்க்கிற அட்ரினலின் செய்கிற வேலை, இரண்டு நிமிஷத்தில் அடங்கும் என்றார், அடங்கியது. கால் மணி நேரத்தில் உதட்டில் பாதியும் நாக்கில் பாதியும் என்னுடையது இல்லை.

அப்புறம் பச்சை நிறத்தில் ஒரு ரப்பர் ஷீட்டை வாயின் மேல் விரித்து, நடுவில் ஓட்டை போட்டு, அந்த ஒரு பல் மட்டும் வெளியே எட்டிப் பார்க்கிற மாதிரி கிளிப் மாட்டினார். பலூன் வாசம் அடிக்கும், எச்சில் விழுங்கக் கொஞ்சம் சிரமம். ஆனால் உள்ளே விடுகிற ஊசி மாதிரியான சின்னக் கம்பிகள் தவறித் தொண்டைக்குள் போகாமலும், கழுவுகிற மருந்து நாக்கில் படாமலும், எச்சில் கிருமி பல்லுக்குள் இறங்காமலும் அது காக்கிறது. எல்லா இடத்திலும் இதைப் போடுவதில்லை. நீங்கள் எங்கே போனாலும் போடுவார்களா என்று கேளுங்கள், இந்த கிளினிக்குக்கு நான் மார்க் போடுவதே இதற்காகத்தான்.

மேலே துளை போட்டுத் திறந்ததும் ஒரு நாற்றம். எனக்கே கூச்சமாக இருந்தது, அவர்கள் முகம் சுளிக்கவில்லை. இந்தப் பல்லுக்குப் பெரும்பாலும் இரண்டு வேர், அதற்குள் நரம்பு ஓடுகிற கால்வாய் மூன்று, சிலருக்கு நாலு. எனக்கு மூன்று. இரண்டு செத்திருந்தன, மூன்றாவதில் இன்னும் உயிர் இருந்தது. கம்பி அதைத் தொட்டதும் சுரீரென்று கால் கட்டைவிரல் வரை போனது. கையைத் தூக்கினேன், நிறுத்தினார். வீங்கிப்போன நரம்பு சில நேரம் இப்படித்தான், வெளியே போட்ட ஊசிக்கு முழுசாக அடங்காது, நேராக அதற்குள்ளேயே கொஞ்சம் போடணும், அஞ்சு செகண்டு பொறுத்துக்குங்க சார் என்றார். அது வலித்தது, பொய் சொல்லமாட்டேன். மொத்த வைத்தியத்திலும் நிஜமாக வலித்தது அந்த ஐந்து செகண்டுதான். அதுவும் நான் இரண்டு மாசம் தள்ளிப்போட்டதற்கான கூலி என்றே எடுத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் ஒரு சின்ன மிஷின், ஒரு முனையை உதட்டில் கொக்கி மாட்டி இன்னொரு முனையைக் கம்பியில் தொட வைக்கிறார்கள். கம்பி வேர் நுனியை நெருங்க நெருங்க பீப் சத்தம் வேகமாகிறது. கம்பியில் சின்ன ரப்பர் வளையம் இருக்கும், அதை நகர்த்தி ஸ்கேலில் வைத்து அளந்து, "பத்தொன்பதரை... இருபது... இருபத்தொண்ணு" என்று அவர் சொல்லச் சொல்ல உதவிக்கு இருந்த பெண் எழுதினாள். நான் புளி மண்டியில் கணக்கு எழுதுகிறவன். மூட்டை எடை கூவுகிற மாதிரியே இருந்தது, என்ன, இங்கே கிலோவுக்குப் பதிலாக மில்லிமீட்டர். அதிலேயே பாதிப் பயம் போய்விட்டது. இடையிடையே கழுவினார்கள், பிளீச்சிங் பவுடர் வாசம், அதே வகைச் சரக்குதான் என்று பிற்பாடு தெரிந்தது.

50 நிமிஷம் ஆனது. உள்ளே மருந்து வைத்து, தற்காலிகமாக அடைத்து அனுப்பினார்கள். உதடு மரத்திருக்கும்போது எதுவும் சாப்பிடாதீங்க என்று சொன்னதைக் கேட்காமல் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தேன். பாதி சட்டைக்குப் போனது. மூன்று மணி நேரம் கழித்து உணர்வு வந்தபோது கன்னத்தின் உள்பக்கத்தைக் கடித்து வைத்திருந்ததும் தெரிந்தது. இரண்டு நாள் கடித்தால் லேசான வலி, சாதாரண வலி மாத்திரையில் நின்றது. சாப்பாட்டுக்கு நம் ஊர்க்காரனுக்குக் கவலையே வேண்டாம், ராகிக் களி இருக்கிறது. களியை யார் மெல்லுகிறார்கள், உருட்டிக் கீரைக் கடைசலில் தொட்டு விழுங்குவதுதானே. அது ஆறின பிறகு சாப்பிடுங்கள், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் தற்காலிக அடைப்பில் ஒரு மூலை விழுந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை. போன் அடித்தால் எடுக்கவில்லை. திங்கள் போனபோது காசு வாங்காமல் சரிசெய்தார்கள், ஆனால் ஒரு நாள் முழுக்க உள்ளே சோறு போய்விடுமோ என்று வாயை ஒரு பக்கமாகவே வைத்துக்கொண்டு இருந்தேன்.

இரண்டாவது தடவை ஒரு வாரம் கழித்து. வலியே இல்லை, ஊசியும் சும்மா பேருக்கு. மருந்தை எடுத்துவிட்டு மூன்று கால்வாயிலும் குச்சி மாதிரி ஒன்றை வைத்து அடைத்தார்கள், மலேசியா பக்கம் ஒரு மரத்தில் வடிகிற பாலிலிருந்து எடுப்பதாம், ரப்பருக்குச் சொந்தக்காரன். எக்ஸ்ரேயில் மூன்று வெள்ளைக் கோடு நுனிவரை இறங்கியிருந்ததைக் காட்டினார். கோடு நடுவிலேயே நின்றுவிட்டால் மறுபடி தொந்தரவு வரலாம் என்பதால் இந்தப் படத்தைக் கேட்டுப் பாருங்கள்.

இப்போது பெரிய குறை. ரூட் கெனால் 4,500 என்று முதல் நாளே சொன்னார்கள், எக்ஸ்ரே 300. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். எல்லாம் முடிந்த பிறகு ரிசப்ஷனில் "கேப் எப்ப போட்டுக்கறீங்கண்ணா" என்கிறார்கள். கேப் என்றால் பல்லுக்கு மேலே மாட்டுகிற உறை, அது தனி. உலோகம் உள்ளே, செராமிக் வெளியே இருக்கிறது 4,500, ஜிர்கோனியா அதைப்போல இரண்டு மடங்கு. கேப் இல்லாமல் கடைவாய்ப் பல்லை விட்டால் பிளந்துவிடலாம், ஆழமாகப் பிளந்தால் பிடுங்குவதுதான் என்பதை அப்போதுதான் சொல்கிறார்கள். அது உண்மைதான், உள்ளே குடைந்த பல் அது, கடிக்கிற பாரத்தைத் தாங்காது, நான் மறுக்கவில்லை. ஆனால் மண்டியில் மூட்டை விலை சொல்லிவிட்டு ஏற்றுக்கூலியைக் கடைசியில் சொன்னால் வியாபாரி என்ன பேசுவான்? மொத்தம் எவ்வளவு என்று முதல் நாளே கேட்டு ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேப்புக்கு நிறம் பார்க்கும்போது நடந்தது தனிக் கூத்து. வெள்ளையில் தொடங்கிப் பழுப்பு வரை வரிசையாகப் பொய்ப் பல் மாட்டிய ஒரு அட்டையை என் வாய்க்குப் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்த்தார். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல்தான் வந்தது, அதுவரை போர் தண்ணீர், அதில் பல்லில் கறை ஏற்றுகிற ஃப்ளோரைடு அதிகம். எங்கள் தலைமுறைக்குப் பல்லில் பழுப்புக் கோடு ஆதார் அட்டை மாதிரி. அந்த அட்டையில் பாப்பாரப்பட்டி கலர் இல்லை. கடைசியில் ஏ மூன்றரை என்கிற கொஞ்சம் மங்கலான ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். ரிசப்ஷன் பெண் பல் வெள்ளையாக்குவதற்கு ஒரு பேக்கேஜ் இருக்கிறது என்று ஆரம்பித்தாள். டாக்டரே, அது சொத்தை இல்லை, கறை, தொந்தரவு இல்லையென்றால் விட்டுவிடுங்கள் என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக 12 மணி வரை உட்கார்ந்ததை மன்னித்தேன்.

சேலம் லேபிலிருந்து கேப் வர ஐந்து நாள் என்றார்கள், ஒன்பது நாள் ஆனது, நடுவில் பொங்கல் வேறு. மாட்டினதும் அந்தப் பக்கம் ஒரு கல்லைக் கடித்த மாதிரி உயரமாக இருந்தது. நீலக் காகிதத்தை நடுவில் வைத்து "டக்கு டக்குனு கடிங்க" என்று நாலு தடவை கடிக்கச் சொல்லி, நீலம் பட்ட இடத்தைத் தேய்த்துச் சரிசெய்தார். வெட்கப்பட்டுக்கொண்டு சரியாக இருக்கிறது என்று சொல்லிவிடாதீர்கள், ஒரு நூலளவு உயரம் இருந்தாலும் ரெண்டு நாளில் தாடை வலிக்கும். நான் இரண்டு தடவை இன்னும் இல்லை என்றேன், முகம் கோணாமல் மறுபடி தேய்த்தார்.

வேலைக்கு ஐந்துக்கு நாலரை நட்சத்திரம். நேரத்துக்கும் பில்லுக்கும் இரண்டு. நடுவில் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

மேல் வரிசையில் வலது பக்கம் இன்னொரு பல்லில் சொத்தை ஆரம்பித்திருக்கிறதாம், இப்போது வந்தால் அடைப்பதோடு போய்விடும் என்றார். புளி சீசன் முடியட்டும் டாக்டர் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.