பஸ் ஏறிப் போன கவுன்சலிங், மொட்டை மாடியில் பேசிய கவுன்சலிங்

அத்தைக்கு, அதாவது என் கணவரின் அம்மாவுக்கு, டிமென்ஷியா எனும் மறதி நோய் என்று டாக்டர் சொல்லி மூன்று வருடம் ஆகிறது. இரண்டாவது வருடம், கரூரில் ஒரு டெக்ஸ்டைல் ஏற்றுமதி அலுவலகத்தில் பார்த்துவந்த கணக்கு வேலையை விட்டேன். விட்ட நாலாம் மாதம், சாம்பாரில் உப்பு இல்லை என்று மகன் சொன்னதற்குத் தட்டைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். அவன் ஒன்றும் பேசாமல் சோற்றைக் கூட்டி அள்ளினான். யாரிடமாவது பேசியே ஆக வேண்டும் என்று அன்று இரவுதான் முடிவு செய்தேன்.

முதலில் திருச்சிக்கு நேரில் போனேன். அப்புறம் ஒரு சாட் ஆப்பில் எழுதிப் பார்த்தேன். கடைசியாக ஒரே கவுன்சலரிடம் வாராவாரம் போனில் பேசினேன். எனக்குக் கைகொடுத்தது போன்தான்.

கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நேரில் ஆயிரம் ரூபாய், போனில் எண்ணூறு. இரண்டுமே முக்கால் மணி நேரம். முகம் பார்த்துப் பேசுவதில் ஒரு நெருக்கம் உண்டு என்பதும் உண்மைதான். திருச்சி மேடம் நல்லவர், பொறுமையாகக் கேட்டார். அவர் அறையில் நான் அழுத அழுகைக்கு வீட்டில் இடமே கிடையாது. ஆனால் வாராவாரம் வரச் சொன்ன அவரிடம், இரண்டரை மாதத்தில் நான் போனது மூன்றே முறை.

காரணம் தூரம் மட்டும் இல்லை. பஸ்ஸில் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், இடையில் காத்திருப்பது எல்லாம் சேர்த்தால் ஆறு மணி நேரம். அத்தனை நேரம் அத்தையைத் தனியாக விட முடியாது. கணவருக்கு வாரநாளில் லீவு இல்லை. பார்த்துக்கொள்ள ஆள் என்றால் அடுத்த தெருவில் இருக்கும் நாத்தனார்தான். என் மனச்சுமையில் பாதி அவரோடு நடக்கும் பேச்சுவார்த்தையால் வருவது. அவரிடமே போய், "அண்ணி, வியாழக்கிழமை கொஞ்சம் அம்மாவைப் பார்த்துக்கறீங்களா?" என்று கேட்க வேண்டும். எங்கே போகிறாய் என்பார். முதல் முறை பல் டாக்டர் என்றேன். இரண்டாம் முறையும் அதையே சொன்னேன். மூன்றாம் முறை பொய் தேடியே இரண்டு நாள் தூக்கம் போயிற்று. நாலாவது முறைக்கு நான் கேட்கவே இல்லை.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு இதுதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. கவுன்சலிங் பலன் தருவது விடாமல் போவதில்தான் இருக்கிறது. போனில் பேசத் தொடங்கியபோது கவுன்சலர் ஒரு வேலை கொடுத்தார்: கோபம் வரும்போதெல்லாம் மணி என்ன, வீட்டில் யார் இருந்தார்கள், கடைசியாக எப்போது சாப்பிட்டேன் என்று நோட்டில் குறித்து வைக்க வேண்டும். முதல் மூன்று வாரம் அதில் ஒன்றும் தெரியவில்லை. ஆறாவது வாரம் இருவரும் சேர்ந்து பார்த்தபோது, பாதிக்கு மேல் மாலை ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில் இருந்தது. பொழுது சாயும் நேரத்தில் டிமென்ஷியா உள்ளவர்களில் பலருக்குக் குழப்பமும் பதற்றமும் கூடும், சன்டவுனிங் என்று அதைச் சொல்வார்கள் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அத்தை "என் வீட்டுக்குப் போகணும்" என்று கதவைத் தட்டுவது அந்த நேரத்தில். நாத்தனார் போன் செய்து "அம்மா சாப்பிட்டாங்களா, ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்று விசாரிப்பதும் அதே நேரத்தில். மதியம் நான் சரியாகச் சாப்பிடாமல் இருப்பதும் நோட்டில் இருந்தது.

இப்போது நாலரைக்கே வீட்டில் எல்லா விளக்கையும் போட்டுவிடுகிறேன். நாத்தனாரைக் காலையில் பேசச் சொன்னேன், அவரும் சரி என்றார். மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவதில்லை. இடையில் இரண்டு வாரம், மூன்று வாரம் என்று விட்டிருந்தால் அந்த நோட்டு பரணுக்குப் போயிருக்கும். போனில் பதினாலு வாரத்தில் பதினோரு முறை பேசினேன். அத்தை தூங்கும் மூன்றரை மணிக்கு இயர்போனை மாட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனால் போதும். யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம்.

வீடியோவையும் முயன்று பார்த்தேன். மூலையில் தெரியும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், சிக்னலும் விட்டுவிட்டு வந்தது. நடந்துகொண்டே குரலில் மட்டும் பேசுவது எனக்கு எளிதாக இருந்தது.

போனில் ஒரு குறை உண்டு. கால் முடிந்த அடுத்த நிமிடம் கீழே குக்கர் வைக்க வேண்டும். திருச்சியிலிருந்து திரும்பும் இரண்டு மணி நேர பஸ்ஸில் மனம் தானாக அடங்கிவிடும். மாடியில் அது கிடைக்காது. அதனால் பேசி முடித்ததும் கால் மணி நேரம் தண்ணீர்த் தொட்டி நிழலில் சும்மா உட்கார்ந்துவிட்டுத்தான் இறங்குவேன். இதைச் செய்யாத இரண்டு வாரமும் மகனிடம் எரிந்து விழுந்தேன்.

சாட் ஆப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் எழுதினால் சாயங்காலம் பதில் வரும், அதற்குள் காலையில் இருந்த மனநிலை போயிருக்கும். பூட்டிய போன் திரையிலேயே நோட்டிஃபிகேஷன் தெரிந்ததில் மகன் இரண்டு வரி படித்துவிட்டான். மூன்று வாரத்தில் நிறுத்திவிட்டேன்.

பணம் கொடுக்க வழியில்லாதவர்களுக்கு 14416 இருக்கிறது. மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவித் தொலைபேசி சேவை. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடமும் இணைப்பார்கள். ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு நான் கூப்பிட்டிருக்கிறேன், அந்த இரவைக் கடக்க அது உதவியது. தற்கொலை எண்ணம் வருகிறவர்களுக்கு 1986 முதல் சென்னையில் இயங்கும் சினேகா என்ற தொண்டு நிறுவனமும் இருக்கிறது. அந்த நிலையில் இருப்பவர்கள் என்னைப் போல இதுவா அதுவா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே கூப்பிடுங்கள்.

ஆன்லைனில் ஆள் தேடும்போது கவனம் வேண்டும். கவுன்சலர் என்று யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்கிறார்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், உண்மையானவர் தயங்காமல் தருவார். அவர் மாத்திரை எழுதித் தர மாட்டார், அது மனநல மருத்துவரின் வேலை. தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் நேரில் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும். மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. வீட்டில் அடி உதை இருந்தால் அடிப்பவர் காதில் விழும் தூரத்தில் நின்று போனில் பேசுவது ஆபத்து. அதற்குப் பெண்கள் உதவி எண் 181 தனியாக இருக்கிறது.

கணவன் மனைவி சேர்ந்து பேசுவதற்கு எது நல்லது என்பதில் என் அனுபவம் குறைவு. ஒரே ஒரு முறை ஸ்பீக்கரில் போட்டு இருவரும் பேசினோம். அவர் முழு நேரமும் "ம்" மட்டும் சொன்னார். எதிரில் ஒருவர் உட்கார்ந்து கேட்டால் பேசியிருப்பாரோ என்று நினைக்கிறேன். அதனால் அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை இருவரும் திருச்சி மேடத்தைப் பார்க்கப் போகிறோம். அத்தையை நாத்தனார் பார்த்துக்கொள்கிறார். எங்கே போகிறோம் என்று இந்த முறை அவரிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "காலையிலேயே வந்துடறேன், நீ நிதானமா போயிட்டு வா" என்றார்.