ஒரு கேமா, இரண்டு கேமா? டர்போ போடப்போகும் ஹோண்டாவுக்கு எது

"ட்வின் கேம் இல்லாத எஞ்சினுக்கு டர்போ போடறது வேஸ்டுங்ணா." கோயம்புத்தூர்த் தம்பி ஒருவர் இதை அடித்துச் சொன்னார். அவரிடம் இருப்பது பழைய ஹோண்டா சிட்டி விடெக். 1.5 லிட்டர், 106 குதிரைத்திறன், எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்குள் ஒரே ஒரு கேம், அதாவது வால்வுகளைத் திறக்க வைக்கும் சுழல் தண்டு. இந்த எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டு இரட்டைக் கேம் (ட்வின் கேம்) கொண்ட ஜப்பானிய ஹோண்டா எஞ்சினான பி16ஏ ஒன்றைத் தேடிப் பிடித்து அதற்கு டர்போ (வெளியேறும் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவி) மாட்டுவதா, இருப்பதற்கே மாட்டுவதா என்பது அவர் கேள்வி. கேள்வி என்பதைவிட முடிவு செய்துவிட்டுத் தலையாட்டச் சொல்லிக் கேட்டார் என்பதே சரி.

நான் தலையாட்டவில்லை. ஆனால் அவர் சொன்னது முழுக்கத் தப்பும் இல்லை.

இந்தச் சண்டையைத் தீர்க்க ஹோண்டாவின் டி, பி என்ற இரண்டு எஞ்சின் குடும்பங்களைவிட நல்ல களம் கிடையாது. தம்பியின் சிட்டி எஞ்சின் டி குடும்பம். டி16இசட்6 என்ற சிங்கிள் கேம் எஞ்சின் 1590 சிசி, 1992 முதல் 95 வரை அமெரிக்க சிவிக்கில் வந்தது, 125 குதிரைத்திறன். ட்வின் கேம் பி16ஏ 1595 சிசி. 1989-ல் ஜப்பானில் இன்டெக்ராவில் அறிமுகமானபோதே 160 குதிரைத்திறன் தந்தது. இரண்டிலும் சிலிண்டருக்கு நான்கு வால்வுகள், இரண்டிலும் விடெக் (அதிக ஆர்.பி.எம்.மில் வால்வுகளை இன்னும் அகலமாகத் திறக்க வைக்கும் ஹோண்டாவின் ஏற்பாடு). ஐந்து சிசி வித்தியாசத்துக்கு முப்பத்தைந்து குதிரை அதிகம் என்றால் அது அந்த இரண்டாவது கேமின் வேலைதானே என்று யாருக்கும் தோன்றும்.

அதே பி குடும்பத்தில் பி18பி என்று இன்னொரு எஞ்சின் இருக்கிறது. அதிலும் இரண்டு கேம்தான், ஆனால் விடெக் இல்லை. 1834 சிசி, 142 குதிரைத்திறன். லிட்டருக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள்: 77 சொச்சம். சிங்கிள் கேம் டி16இசட்6-க்கு அதே கணக்கைப் போட்டால் 78-க்கு மேல் வருகிறது. அதாவது லிட்டர் கணக்கில் ஒற்றைக் கேம் இரட்டைக் கேமை ஜெயித்துவிட்டது. கேம்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பேசுகிறவர்களிடம் நான் முதலில் நீட்டுவது இந்தக் கணக்கைத்தான்.

அப்படியானால் பி16-க்கு அந்த வேகம் எங்கிருந்து வருகிறது? பெரும்பங்கு சிலிண்டரின் அகலத்திலிருந்து. பி16-ன் போர் (சிலிண்டரின் விட்டம்) 81 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 77.4 மி.மீ. டி16-ன் போர் 75, ஸ்ட்ரோக் 90. ஒன்று குட்டையான அகல வாளி, மற்றது ஒல்லியான உயர டம்ளர். வாய் அகலமாக இருந்தால் பெரிய வால்வு வைக்கலாம்: பி16-ல் காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வு 33 மி.மீ., டி16-ல் 30 மி.மீ. பரப்பளவாகப் பார்த்தால் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். ஸ்ட்ரோக் குறைவு என்பதால் பிஸ்டன் ஓட வேண்டிய தூரமும் குறைவு. 8000 ஆர்.பி.எம்.மில் பி16-ன் பிஸ்டன் சராசரியாக வினாடிக்கு 20.6 மீட்டர் ஓடுகிறது. டி16-ஐ அதே வேகத்துக்கு விரட்டினால் 24 மீட்டர். அதனால்தான் கம்பெனியே டி16இசட்6-க்கு 7200-ல் கோடு போட்டுவிட்டது.

இரண்டாவது கேம் தரும் லாபமும் உண்டு, மறைக்கக் கூடாது. டி16இசட்6-ல் விடெக் இன்டேக் பக்கம் மட்டும் வேலை செய்கிறது; பி16-ல் இரு பக்கமும். அப்புறம், டர்போக்காரருக்கு இன்னும் முக்கியமான ஒன்று: ஓவர்லேப். இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் ஒரே சமயத்தில் கொஞ்சம் திறந்திருக்கும் அந்தச் சின்ன இடைவெளி. டர்போ இல்லாத எஞ்சினில் இது நல்லது, வெளியே போகும் புகை புதுக் காற்றை உள்ளே இழுத்துவிடும். சின்ன டர்போ மாட்டிய எஞ்சினில் மேல் ஆர்.பி.எம்.மில் கதை தலைகீழாகிவிடும். டர்பைனைத் தள்ள முடியாமல் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் தேங்கும் அழுத்தம் இன்டேக்கில் இருக்கும் பூஸ்ட்டைவிட (டர்போ திணிக்கும் காற்றழுத்தம்) அதிகமாகிவிடும். அப்போது ஓவர்லேப்பில் சூடான புகை சிலிண்டருக்குள்ளேயே திரும்பி வரும். இரண்டு கேம் இருந்தால் ஆளுக்கொரு அட்ஜஸ்டபிள் கியர் மாட்டி, ஒன்றை இப்படி, மற்றதை அப்படி இரண்டு மூன்று டிகிரி நகர்த்தி, பவரை அளக்கும் டைனோவில் நிற்கும்போதே ஓவர்லேப்பைக் குறைக்கலாம். ஒற்றைக் கேமில் இன்டேக் லோபும் எக்ஸாஸ்ட் லோபும் ஒரே தண்டில் செதுக்கப்பட்டவை. கியரைத் திருப்பினால் இரண்டும் சேர்ந்தே நகரும், இடைவெளி மாறாது. மாற்ற வேண்டுமென்றால் வேறு கேம்தான் வாங்க வேண்டும்.

சரி, பூஸ்ட் ஏற்றினால் என்ன ஆகும்? தோராயக் கணக்குதான், பிசகு இருக்கும், இருந்தாலும் வழி காட்டும். 250 குதிரைத்திறன் இலக்கு என்று வைத்துக்கொள்வோம். பி16-ஐ 160-லிருந்து அங்கே கொண்டுபோக வெளிக்காற்றைப் போல ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் அழுத்தம் போதும். மீட்டரில் 8 பி.எஸ்.ஐ. சுமார். டி16-ஐ 125-லிருந்து ஏற்ற முழுசாக இரண்டு மடங்கு வேண்டும். அதாவது 14, 15 பி.எஸ்.ஐ. பூஸ்ட் கூடினால் காற்று சூடாகும், சூடானால் நாக்கிங் (எரிபொருள் நேரம் தவறி வெடிப்பது) வரும், அந்தக் காற்றைக் குளிர்விக்கப் பெரிய இன்டர்கூலர் தேவைப்படும். இந்த இடத்தில் ட்வின் கேம் பக்கம் தராசு சாய்கிறது.

ஆனால் உடனே மறுபக்கமும் சாயும். பி16-ன் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்ற கணக்கு) 10.2, டி16இசட்6-ன் கம்ப்ரஷன் 9.2. பங்க்கில் கிடைக்கும் சாதாரண பெட்ரோலுக்கு இந்த ஒரு புள்ளி பெரிய விஷயம். 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில், நாக்கிங்கை அதிகம் தாங்கும் 100 ஆக்டேன் பெட்ரோலான எக்ஸ்பி100-ஐக் கொண்டுவந்தது உண்மைதான். ஆனால் அது கிடைப்பது குறிப்பிட்ட சில ஊர்களில் மட்டும். இரவு பதினொன்றுக்கு நெடுஞ்சாலையில் டேங்க் காலியானால் கிடைத்ததைத்தான் போடுவோம். அதற்கும் தாங்குகிற மாதிரி ட்யூன் செய்ய வேண்டும்.

இப்போது நான் ரொம்ப நேரம் செலவழிக்க நினைக்கும் இடத்துக்கு வருகிறேன்: பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராட்.

அதே 250 குதிரையை இரண்டு விதமாக எடுக்கலாம். 6500 ஆர்.பி.எம்.மில் எடுத்தால் கிராங்க்கில் 274 நியூட்டன் மீட்டர் டார்க் வர வேண்டும். 8000-ல் எடுத்தால் 222 போதும். ராடை மேலிருந்து அமுக்கி வளைப்பது சிலிண்டர் அழுத்தம், அதாவது டார்க். சத்தமாகச் சுற்றி அதே பவரை எடுக்கும் பி16, ஒவ்வொரு வெடிப்பிலும் ராடைக் குறைவாகவே அமுக்குகிறது. கீழேயே முக்கி எடுக்கும் டி16 அதிகமாக அமுக்குகிறது. அதிலும் டி16-ன் ராட் பார்க்கவே மெலிந்தது. அதிக ஆர்.பி.எம்.மில் ராடை இழுக்கும் விசையும் கூடும், போல்ட்டுக்கு அது வேறு சோதனை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் டர்போ போட்ட டி-சீரிஸ்கள் சாவது பெரும்பாலும் இழுபட்டு அல்ல, அமுங்கித்தான்.

இதை நான் கையில் பிடித்தே பார்த்திருக்கிறேன். தெரிந்த ஒருவரின் சிட்டிக்கு உள்ளே எதையும் மாற்றாமல் டர்போ மட்டும் மாட்டியிருந்தார்கள். ஐந்தாவது கியரில் மேட்டில் ஏறும்போது 'கிணிங்' என்று சின்னதாக ஒரு சத்தம், அவர் பொருட்படுத்தவில்லை. பிறகு ஐடிலில் எஞ்சின் தள்ளாட ஆரம்பித்தது. கழற்றினோம். மூன்றாவது சிலிண்டர் ஸ்பார்க் ப்ளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள், நடுவே ஊசிமுனை அளவில் மினுமினுக்கும் அலுமினிய மணிகள். பிஸ்டன் உருகத் தொடங்கியதன் அடையாளம் அது. ராடை லேத் மேசைக் கண்ணாடியில் படுக்கவைத்தால் ஒரு முனை மட்டும் ஒட்டவில்லை. அடியில் ஒரு தீப்பெட்டி அட்டை நுழைந்தது. அந்த எஞ்சினில் எத்தனை கேம் இருந்தது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பெட்ரோல் குறைவு, இக்னிஷன் டைமிங் முன்கூட்டி, ராட் மெலிசு. மூன்றும் சேர்ந்த பலன். அதே ட்யூனை பி16-க்கு வைத்திருந்தால் ராடுக்குப் பதில் பிஸ்டன் போயிருக்கும், அவ்வளவுதான்.

டி-சீரிஸ் பிரியர்கள் இதற்கு எப்போதோ மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள். அடித்து உருவாக்கிய வலுவான ஃபோர்ஜ்டு ராட் நான்கு, கூடவே சுஸுகி விட்டாராவின் பிஸ்டன். சுஸுகி பிஸ்டன் ஹோண்டாவுக்குள் எப்படி என்றால், ஜி16பி எஞ்சினின் போரும் 75, ஸ்ட்ரோக்கும் 90. டி16-க்கு அப்படியே ஒட்டிப் பிறந்த அளவு. கம்ப்ரஷனும் டர்போவுக்குத் தோதாக இறங்கிவிடும். நம் ஊர்ப் பழைய மாருதி பலேனோவுக்குள் ஓடியதும் இதே ஜி16பி குடும்பம்தான். கடுமையான போட்டிக்காரர்களின் சாமான் ஒருவர் வீட்டுக் குடும்பக் காரிலிருந்து வருவதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

சிங்கிள் கேமை இளக்காரமாகப் பார்ப்பவர்கள் போர்ஷே பக்கம் ஒரு நடை போய் வரலாம். 1975-ல் வந்த 911 டர்போ, மூன்று லிட்டர், 260 குதிரைத்திறன். பக்கத்துக்கு ஒரு கேம், சிலிண்டருக்கு இரண்டே வால்வு. இருபது வருஷம் கழித்து 993 டர்போ 408 குதிரைத்திறனைத் தொட்டபோதும் அதே ஒற்றைக் கேம், இரண்டு வால்வு. ஹோண்டாவிலேயே பிசி எஸெரியோஹா என்ற அமெரிக்க ட்யூனர், பக்கத்துக்கு ஒரு கேம் உள்ள வி6 ஒடிஸி வேனை டர்போ போட்டு ஆயிரம் குதிரைக்கு மேல் கொண்டுபோய்க் காட்டினார். குழந்தைகளை ஸ்கூலுக்கு அழைத்துப்போகிற வேன்!

வேலை செய்வதில் உள்ள வித்தியாசத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒற்றைக் கேம் ஹெட் ஒடுக்கமானது, இலகுவானது, டைமிங் பெல்ட் மாற்றுவது எளிது. டர்போ எஞ்சினில் ஹெட் கேஸ்கெட் மாற்ற வேண்டிய நாள் வந்தே தீரும். அன்றைக்கு இதன் அருமை தெரியும். இரண்டு குடும்பத்திலும் எக்ஸாஸ்ட் ரேடியேட்டர் பக்கம்தான் இருக்கிறது. அதனால் டர்போவுக்கு இடம் தேடி ரேடியேட்டரைப் பாதியாக வெட்டுகிற கஷ்டம் இரண்டுக்கும் பொது. நம் ஊர் மே மாதத்தில் ஏ.சி. கண்டென்சரைக் கழற்றிவிட்டு ஓட்டலாம் என்று எந்த இளைஞராவது சொன்னால், அவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று அர்த்தம்.

இன்னொன்று, காகிதம். பி16ஏ பொருத்திய காரை ஹோண்டா இந்தியாவில் விற்றதில்லை. ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் எஞ்சினை மாற்றினால் ஆர்.சி.யில் ஒரு எண், எஞ்சினில் வேறொரு எண். இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் போடும் நாளில் அது முன்னால் வந்து நிற்கும். ட்ராக்குக்கு மட்டும் ஓடும் கார் என்றால் இந்தக் கவலை இல்லை.

தம்பியிடம் நான் சொன்னது இதுதான். தினமும் ஓட்டுகிற கார், வீலில் 200 குதிரை வந்தால் போதும் என்றால் இருக்கிற ஒற்றைக் கேமை வைத்துக்கொள். எஞ்சின் மாற்றும் காசில் ராட், பிஸ்டன், நல்ல இன்ஜெக்டர், எல்லாவற்றுக்கும் மேலாக ஒழுங்கான ட்யூன் வாங்கு. முந்நூறைத் தாண்ட வேண்டும், ட்ராக்கில் எட்டாயிரத்தில் பிடித்து ஓட்ட வேண்டும் என்றால் ட்வின் கேம் பக்கம் போ. அப்போதும் காரணம் இரண்டாவது கேம் மட்டும் அல்ல. பெரிய போர், பெரிய வால்வு, குட்டை ஸ்ட்ரோக், அதோடு டி-சீரிஸைவிட வலுவான கியர்பாக்ஸ், எல்லாம் ஒரே மூட்டையில் வருகிறது என்பதற்காக. விடெக் இல்லாத பி18பி மலிவாகக் கிடைத்தால் அதையும் ஒதுக்காதே, அதன் 9.2 கம்ப்ரஷன் டர்போவுக்கென்றே வைத்தது போல இருக்கும்.

அவர் ஒற்றைக் கேமையே வைத்துக்கொண்டார். ராட் மாற்றினார், பிஸ்டன் மாற்றினார், பூஸ்ட்டை 9 பி.எஸ்.ஐ.யில் நிறுத்தினார். எஞ்சின் இதுவரை ஒரு சொட்டு எண்ணெய் குடிக்கவில்லை. கியர்பாக்ஸை மட்டும் தொடவில்லை. நான் சொன்னதைப் பாதி கேட்டுப் பாதி விட்டுவிட்டார். போன வாரம் ஃபோன்: "மூணாவது கியர்ல ஒரு மாதிரி உறுமுதுங்ணா, அது டர்போ சத்தம்தானுங்களே?"