ஆத்தாவின் போனுக்கு எந்தப் பூட்டு?

தேவகோட்டையில் எங்கள் ஆத்தா தனியாக இருக்கிறார். பிள்ளைகள் நாங்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். போன மாதம் ஒருவன் கூப்பிட்டு, “உங்கள் வங்கிக் கணக்கு இன்றோடு முடங்குகிறது” என்றிருக்கிறான். ஆறு இலக்க ஓடிபியில் நான்கை ஆத்தா சொல்லிவிட்டார். அந்த நேரத்தில் சிலிண்டர்காரர் வாசலில் மணி அடிக்க, போனை வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறார். பணம் தப்பியது அப்படித்தான்.

அன்றிரவே மூன்று யோசனைகள் வந்தன. அண்ணன் பட்டன் போன் என்றார். அதில் வாட்ஸ்அப் இல்லை. போலீஸ் உடையில் வீடியோவில் தோன்றி ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டுகிறவனும், கல்யாணப் பத்திரிகை என்று ஏபிகே கோப்பு (திறந்தால் போனில் திருட்டுச் செயலியை ஏற்றிவிடுவது) அனுப்புகிறவனும் அண்ட முடியாது. ஆனால் ஓடிபி பட்டன் போனுக்கும் வரும். மிரட்டிக் கேட்டால் ஆத்தா வாசித்துச் சொல்லத்தான் போகிறார். பேரனின் முகம் பார்ப்பது மட்டும் நின்றுபோகும். எனக்கு அது பொறுக்கவில்லை.

தெரியாத எண்களை அடைத்துவிடலாம் என்றாள் தங்கை. வாட்ஸ்அப்பில் அதைச் செய்துவிட்டோம். சாதாரண அழைப்புகளுக்குச் சரிப்படாது. மருத்துவமனையும் சிலிண்டர்காரரும் புது எண்களிலிருந்துதான் கூப்பிடுகிறார்கள்.

நான் சொன்னது, பணத்தைப் பிரிப்பது. பெட்டகச் சாவியை யாரும் முகப்பில் மாட்டிவைப்பதில்லை. சேமிப்பு இருக்கும் கணக்குக்கு ஏடிஎம் அட்டை, இணைய வங்கி, யுபிஐ எதுவும் வேண்டாம் என்று கிளையில் எழுதிக் கொடுத்தோம். மாதச் செலவுக்கு மட்டும் தனியாக ஒரு சிறு கணக்கு. ஏமாந்தாலும் போவது ஒரு மாதக் காய்கறிப் பணம்தான். மூன்றில் இதுவே மேல் என்பேன். இதற்கும் ஓர் ஓட்டை உண்டு: பயந்துபோன மனுஷி தானே கிளைக்குப் போய் வைப்புத்தொகையை உடைக்கலாம். வீடியோவில் கைது செய்ய இந்தியச் சட்டத்தில் இடமே இல்லை என்பதையும், “வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள்” என்று ஒருவன் சொன்ன உடனே போனை வைத்துவிட்டு எங்களைக் கூப்பிட வேண்டும் என்பதையும் உட்கார்ந்து பேசினோம்.

அப்போது ஆத்தா கேட்டார்: “சிலிண்டர்காரருக்கு எண் சொல்லலாம், வங்கிக்காரருக்குக் கூடாதா?” ஓடிபியை யாரிடமும் சொல்லக் கூடாது என்று நாங்கள் ஓதியதுதான் தவறு. சிலிண்டருக்காகப் போனில் வரும் எண்ணைச் சொன்னால்தான் அதைக் கொடுத்ததாகப் பதிவாகிறது. இப்போது வழக்கத்தை மாற்றியிருக்கிறோம். பொருளோடு வாசலில் நிற்பவருக்குச் சொல்லலாம்; போனில் கேட்பவர் யாராக இருந்தாலும் கிடையாது. யுபிஐ பின் எண்ணும் பணம் அனுப்பத்தான் தேவை, வாங்குவதற்குத் தேவையில்லை.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு ஒளிக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிட வேண்டும். கணக்கு விட்டுக் கணக்குத் தாண்டுவதற்குள் சொன்னால் முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு. தினசரி காலண்டர் அட்டையில் அந்த எண்ணை ஆத்தாவே பெரிதாக எழுதி, கீழே என் எண்ணையும் எழுதிவைத்திருக்கிறார்.