கொம்புச்சா கிட்: வட்டு நன்று, கையேடுதான் சொதப்பல்

கொம்புச்சா என்பது சர்க்கரை டீயைப் புளிக்கவைத்துச் செய்யும் பானம். அதை வீட்டிலேயே போடும் கிட்டின் பெட்டிக்குள் 3 லிட்டர் கண்ணாடி ஜாடி, மஸ்லின் துணி, ரப்பர் பேண்ட், தேயிலை, பிஎச் தாள் (புளிப்பை அளப்பது, எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்), ஒரு பையில் ஸ்கோபி என்னும் வட்டு, அதோடு 100 மி.லி. புளித்த நீர். 2 லிட்டர் டீக்கு இது போதும் என்கிறது கையேடு. போதாது.

வட்டு என்பது பாக்டீரியா நெய்த செல்லுலோஸ் (நார்) ஆடை, பாலாடை மாதிரி, அவ்வளவே. புளிக்கவைக்கும் சரக்கு நீரில்தான் இருக்கிறது, தயிருக்கு உறைமோர் மாதிரி. டீயின் அளவில் 10 முதல் 20 சதவீதம் அந்த நீர் வேண்டும். குறைந்தால் தொடக்கத்தில் பிஎச் 4.5-க்குக் கீழே இறங்காது, பூஞ்சை முந்திக்கொள்ளும். ஆகவே முதல் முறை 500 மி.லி. டீ மட்டும் போடுங்கள்: 4 கிராம் கறுப்புத் தேயிலை, 40 கிராம் சர்க்கரை. முழுக்க ஆறிய பிறகே பையில் இருப்பதைச் சேர்க்க வேண்டும். மசாலா டீயும் மணத்துக்கு எண்ணெய் சேர்த்த டீயும் ஆகாது. இரண்டு வாரத்தில் வினிகர் போலப் புளித்துவிடும். அதை அப்படியே 2 லிட்டருக்கு உறையாக ஊற்றலாம்.

கையேட்டில் இருப்பது ஒரே படம், பளிச்சென்ற வெள்ளை வட்டு. 'நிறம் மாறினால் கொட்டிவிடவும்' என்று ஒரு வரி வேறு. இதை நம்பி நல்ல கல்ச்சரை (வட்டும் புளித்த நீரும்) சாக்கடையில் ஊற்றியவர்கள் இருப்பார்கள். டீயின் சாயம் ஏறி வட்டு பழுப்பாவது இயல்பு. அடியில் மூழ்கினாலும் கவலை இல்லை, மேலே புது ஆடை படியும். அடியில் நூல் நூலாகத் தொங்கும் பழுப்பு ஈஸ்ட். வெயில் காலத்தில் அது மிஞ்சும். குளுமையான மூலைக்கு மாற்றி, அடுத்த உறையை மண்டியைக் கலக்காமல் மேல்நீரிலிருந்து எடுங்கள்.

குழப்பமெல்லாம் மூன்றாம் நாள் தோன்றும் வெள்ளைப் புள்ளிகளில்தான். ஈரமாக, கஞ்சி ஆடைபோல வழவழப்பாக இருந்தால் புது ஆடை. வறண்டு, பஞ்சுபோல முடி கிளம்பி, வட்டமாக மேற்பரப்பில் மட்டும் இருந்தால் பூஞ்சை. சந்தேகமா? கிளறாமல் இரண்டு நாள் விடுங்கள். பூஞ்சையானால் பச்சையோ கறுப்போ ஏறிக் காட்டிக்கொடுக்கும். அப்போது வட்டு, நீர் எல்லாவற்றையும் கொட்டியே ஆக வேண்டும். மேலாக வழித்தெடுத்துக் குடிப்பது ஆபத்து. சுருக்கம் விழுந்த மெல்லிய வெள்ளை ஏடு படிந்தால் அது காம் ஈஸ்ட். விஷமில்லை, ருசிதான் கெடும்.

மஸ்லினின் கண் பெரிது. பழ ஈ புகுந்து முட்டையிட்டால் புழு நெளியும், அதுவும் கொட்ட வேண்டியதே. வேட்டித் துணியை இரண்டாக மடித்துக் கட்டுங்கள். பிஎச் தாள் 1 முதல் 14 வரை காட்டும் ரகம், 3-க்கும் 4-க்கும் வித்தியாசம் தெளிவாகத் தெரியாது, 2.8 முதல் 4.6 வரையிலான தாளைத் தனியே வாங்குவது நலம். மிச்ச வட்டை ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்வதும் தப்பு. குளிரில் பாக்டீரியா முடங்கும், அடுத்த முறை பூஞ்சைக்கு வழி. புளித்த நீரில் மூழ்கவிட்டு வெளியிலேயே வையுங்கள்.

5-க்கு 3. ஜாடிக்கு 2, கல்ச்சருக்கு 1, கையேட்டுக்குப் பூஜ்யம்.