இரண்டு முறை அரைத்துத் தரும் கோழிக்கடை

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றுக்குள் இருக்கிறது இந்தச் சின்னக் கடை. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் வெயிலில்தான் நிற்க வேண்டும். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு முழுக்கோழி வாங்குவேன். இப்போது அரைக் கிலோ. "என்னக்கா, வீட்டில ஆக்கள் குறைஞ்சிட்டினமோ?" என்று கடைத் தம்பி கேட்டே விட்டார். ஆக்கள் அதே ஆக்கள்தான், என் வயிறுதான் குறைந்துவிட்டது.

ஏழு மாதத்துக்கு முன் உடல் எடையைக் குறைக்க ஸ்லீவ் என்ற இரைப்பைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டேன். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். மிச்சமிருக்கிற சின்னக் குழாய்க்குள் நாளுக்கு 60 கிராம் புரதமாவது போக வேண்டும் என்பது போசாக்கு ஆலோசகரின் கட்டளை. சோறு வைக்க இடமே இல்லை.

தொடக்கத்தில் சுப்பர்மார்க்கெட்டில் எலும்பில்லாத நெஞ்சுத் துண்டுப் பொதி வாங்கினேன். சமைத்த நெஞ்சிறைச்சி 100 கிராமில் 30 கிராம் அளவு புரதம் உண்டு. கணக்கு சரி, தொண்டைதான் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது வாயில் நெஞ்சு அடைத்து, வாயெல்லாம் நுரை நுரையாக எச்சில் ஊறி, அரை மணி நேரம் குளியலறையில் நின்றேன். இறைச்சி காய்ந்திருந்தால் எவ்வளவு மென்றாலும் இதுதான் கதி.

இந்தக் கடையில் தொடை இறைச்சி வாங்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். தம்பி தோலை உரித்து, எலும்பை எடுத்து, விரலால் தடவித் தடவிக் குருத்தெலும்பையும் தேடி எறிவார். பிறகு முதலில் பெரிய கண் தட்டில், அடுத்து சின்னக் கண் தட்டில் என்று இரண்டு முறை அரைப்பார். அதற்குத் தனிக் காசு இல்லை. புரதம் நெஞ்சைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனால் ஈரம் இருக்கிறது.

வீட்டில் சின்ன வெங்காயம், இஞ்சி, உள்ளி, ரம்பை இலை வதக்கி, அரைத்த இறைச்சியைப் போட்டு அகப்பைக் காம்பால் கட்டி உடைத்துக்கொண்டே இருப்பேன். இதில் சோம்பல் கூடாது, கட்டி விழுந்தால் அதுவும் அடைக்கும். அரைத் தேக்கரண்டி கறித்தூள், தேங்காயின் முதற்பால் வேண்டாம், கடைசிப்பால் மட்டும். மெல்லிய நெருப்பில் குழம்பு வற்றாமல் இறக்கித் தேசிக்காய் விடுவேன். தராசில் 80 கிராம் நிறுத்தால் ஏறக்குறைய 20 கிராம் புரதம். தேநீர்க் கோப்பைத் தட்டில் அடங்கிவிடும். சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குத் தண்ணீர் குடிக்க முடியாது, அதனால் உப்பு கொஞ்சம் குறைவாகவே போடுங்கள். என் கணவர் இதையே பாணுக்குள் வைத்து ஒரே தரத்தில் எனது மூன்று நாள் பங்கை முடித்துவிடுவார், அது வேறு கதை.

குறையும் உண்டு. சனிக்கிழமை காலைக் கூட்டத்தில் போனால் ஒரு தரம்தான் அரைப்பார்கள், தோலும் சேர்ந்துவிடும். ஒருநாள் எலும்புச் சில்லு ஒன்று பல்லில் பட்டது. சொன்னதும் தம்பியின் முகம் சுருங்கிப்போனது, அடுத்த முறை இறைச்சியை இன்னும் கூடுதல் நேரம் தடவிப் பார்த்தார். காட் எடுக்க மாட்டார்கள், காசோடு போங்கள்.

பௌர்ணமியான போயா தினத்தில் இறைச்சிக்கடை பூட்டு என்பது தெரிந்ததுதானே. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமையும் மச்சம் இல்லை. அந்த இரண்டும் அடுத்தடுத்து வந்தால் தயிர், பருப்பு, சோயாமீற் என்று சமாளிக்கிறேன். புதன் பின்னேரம் போனால் கடையில் ஆளே இருக்காது.